அயோத்திதாசப் பண்டிதர் கண்ட ஞானம்

ஞானம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. மலைக்குகையிலோ மரத்தடியிலோ கண்மூடி அமர்ந்திருக்கும் ஒரு முனிவர். அவருடைய முகத்தில் ஓர் ஒளி. உலகத்தின் இன்ப துன்பங்கள் எட்டாத ஓர் அமைதி. நாம் வாழும் புதுவை நகருக்கு இக்காட்சி மிகவும் பழக்கமானது. 1910 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இந்நகருக்கு வந்த அரவிந்தர், 1950 ஆம் ஆண்டு டிசம்பரில் மறையும்வரை இங்கேயே தங்கி யோகநெறி பயின்றார். ஞானம் தேடுவோர் பல நாடுகளிலிருந்தும் இந்நகர்க் கடற்கரையை நாடி வருவதை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

இந்நகருக்கு மற்றோர் ஒளியும் அறிமுகமானதே. ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டை அறிவொளிக் காலம் என்று வரலாற்றாசிரியர் அழைப்பர். குருமாரும் மன்னரும் சொன்னதை அப்படியே ஏற்காமல், மனிதன் தன் அறிவைக்கொண்டு எதையும் ஆராயவேண்டும் என்பதே அக்காலத்தின் முழக்கம். 1789 ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புரட்சியும், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்களும் அதன் வழி வந்தவை. அச்சொற்கள் கப்பலேறி இங்கும் வந்தன. ஆயினும் உள்ளொளியைப் பேசிய தெருக்களும், அறிவொளியைப் பேசிய அலுவலகங்களும் இருந்த இதே ஊரில், நம் பாட்டன்மார் வாழ்ந்த சேரிகள் நெடுங்காலம் இருளிலேயே கிடந்தன.

இவ்விரண்டு ஒளிகளும் ஒன்றே என்றும், அது முதலில் எட்டவேண்டிய இடம் சேரியே என்றும் தம் வாழ்வால் காட்டிய பெரியார் ஒருவர் நம்மிடையே பிறந்தார். அரவிந்தர் புதுவைக்கு வந்த அந்நாளில், இங்கிருந்து ஏறத்தாழ நூறு கல் தொலைவிலுள்ள சென்னை இராயப்பேட்டையில் அவர் சித்த மருத்துவம் பார்த்துக்கொண்டே ஒரு வார இதழையும் நடத்திவந்தார். அவரே அயோத்திதாசப் பண்டிதர். நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் அவருடைய வரலாற்றை நம் இளைஞர் அறிந்துகொள்வது பொருத்தமாகும்.

பிறப்பும் கல்வியும்

பண்டிதர் 1845 ஆம் ஆண்டு மே திங்கள் 20 ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் பட்லராகப் பணிபுரிந்தவர். தம் இல்லத்தில் வழிவழியாகக் காத்துவந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் அவ்வதிகாரியிடம் அளித்தார் என்றும், அது தமிழறிஞரான எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது என்றும் பண்டிதர் பிற்காலத்தில் எழுதினார். குறள் முதன்முதலாக அச்சேறியது 1812 ஆம் ஆண்டில்.

இச்செய்தியில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய ஒன்று உண்டு. நம்மவர்க்குக் கல்வி என்பது எவரோ அண்மையில் இரங்கி அளித்த கொடை என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் வெள்ளையர் வீட்டில் ஊழியம் செய்த ஒரு குடும்பத்தின் பரணில் ஓலைச்சுவடி இருந்தது. ஏட்டைப் படிக்கவும், செல்லரிக்காமல் பேணவும், அதன் அருமையை உணரவும் தெரிந்தவர்கள் அவ்வீட்டில் இருந்தார்கள். பள்ளியின் கதவு அடைக்கப்பட்டிருந்த காலத்திலும் புலவரும் மருத்துவரும் சோதிடரும் நம்மிடையே தோன்றிக்கொண்டே இருந்தனர்.

அத்தகைய புலவர் ஒருவரே சிறுவன் காத்தவராயனுக்கு ஆசிரியராக வாய்த்தார். அவர் பெயர் அயோத்திதாசக் கவிராயர். அவரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களையும் சித்த மருத்துவத்தையும் கற்ற மாணவர், ஆசிரியர்மீது கொண்ட பேரன்பினால் அவர் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். பிறப்பால் வந்த பெயரினும் அறிவால் வந்த பெயரையே அவர் பெரிதாக மதித்தார். பின்னர் வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் அவர் பயிற்சி பெற்றார்.

எல்லாம் ஒன்றென்ற தத்துவம்

இளமையில் பண்டிதர் நீலகிரியில் வாழ்ந்தார். அங்கே 1870களில் அத்வைதானந்த சபை என்னும் அமைப்பை நிறுவினார். அத்வைதம் என்பது ஆன்மாவும் பிரமமும் வேறன்று, காணப்படும் வேற்றுமைகள் யாவும் அறியாமையால் தோன்றுவன என்று கூறும் தத்துவம். அந்த அறியாமை நீங்குதலையே அது ஞானம் என்கிறது. தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்து, கூர்த்த அறிவும் மான உணர்ச்சியும் படைத்த ஓர் இளைஞரை அத்தத்துவம் கவர்ந்ததில் வியப்பில்லை. எல்லாம் ஒன்றானால் உயர்ந்தவன் யார், தாழ்ந்தவன் யார்?

தத்துவத்தில் ஆழ்ந்த அவர் தம் மக்களின் அன்றாடத் துன்பத்தை மறந்தாரல்லர். 1885 ஆம் ஆண்டில் ஜான் இரத்தினம் என்னும் கிறித்தவப் பெரியாருடன் சேர்ந்து திராவிட பாண்டியன் என்னும் இதழை வெளியிட்டார். 1891 ஆம் ஆண்டில் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் நீலகிரியில் மாநாடு ஒன்றைக் கூட்டினார். பள்ளிக்கூடங்கள் வேண்டும், படித்தவர்க்கு அரசு வேலை வேண்டும், பொதுக் கிணறுகளில் நீர் எடுக்கத் தடை கூடாது, சிறையில் நம்மவர்க்கென்று இழிவான வேலைகளை ஒதுக்கும் விதி நீங்கவேண்டும் என்பன போன்ற கோரிக்கைகள் அங்கே நிறைவேறின. இந்திய நாட்டு அரசியலில் நம் மக்களின் குரல் தீர்மானங்களாக வடிவம்பெற்ற தொடக்க நாள்களில் இதுவும் ஒன்று.

அடைபட்ட கதவு

1892 ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபையின் கூட்டம் நடைபெற்றது. நீலகிரியின் பிரதிநிதியாகப் பண்டிதர் சென்றிருந்தார். கற்றவரும் செல்வரும் வழக்கறிஞரும் நிறைந்த அவையில் எழுந்து, நம் மக்களும் வைணவ, சைவக் கோயில்களுக்குள் சென்று வழிபட இடம் தரவேண்டும் என்று கேட்டார். அவையில் எதிர்ப்பு எழுந்தது. சிவனும் விட்டுணுவும் உங்களுக்குரிய தெய்வங்கள் அல்லர், உங்களுக்கென்று காட்டேரியும் மதுரைவீரனும் இருக்கின்றனர் என்னும் பொருள்பட அங்கிருந்த ஒருவர் விடை கூறினார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று பண்டிதர் மறுமொழி கூறினார். நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வி தரவேண்டும், தரிசு நிலங்களை நம் மக்களுக்கு வழங்கவேண்டும் என்று அவர் வைத்த வேண்டுகோள்களை மட்டும் அவை ஏற்றுக்கொண்டது. இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அவரே எழுதிவைத்துள்ளார்.

இளைஞர்களே, இந்த இடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். அவ்வவையில் இருந்தோர் பலரும் அத்வைத நூல்களை அறிந்தவர்களே. எல்லாம் ஒன்று என்று ஓதத் தெரிந்தவர்களே. ஆயினும் ஒரு மனிதன் கோயில் வாயிலில் வந்து நின்றபோது, ஒன்று என்னும் சொல் நாவிலே நின்றுவிட்டது, கைக்கு இறங்கவில்லை. நூலறிவு வேறு, விழிப்பு வேறு என்னும் உண்மையை அன்று பண்டிதர் நேரிற் கண்டார். வாழ்க்கையில் இறங்காத ஞானம் ஞானமாகாது என்னும் முடிவிற்கு அவரைக் கொண்டு சேர்த்தவற்றுள் அந்த அவமதிப்பே முதன்மையானது எனலாம்.

அவமதிப்பு ஒரு மனிதனைச் சினத்தில் எரித்துவிடக்கூடும். மனம் ஒடிந்து மூலையில் முடக்கிவிடவும் கூடும். பண்டிதர் இரண்டிற்கும் ஆளாகவில்லை. ஏடுகளைத் திறந்தார். நம் மக்கள் ஏன் இந்நிலைக்குத் தள்ளப்பட்டனர் என்று ஆராயத் தொடங்கினார்.

புத்தரிடம் திரும்புதல்

மணிமேகலை, சீவக சிந்தாமணி, சூளாமணி, வீரசோழியம், நிகண்டுகள், மருத்துவ நூல்கள் என்று அவர் பயின்றவை பல. தமிழகத்தில் பௌத்தம் ஒருகாலத்தில் செழித்திருந்தது என்பது வரலாறு. காஞ்சியும் காவிரிப்பூம்பட்டினமும் அதன் இருப்பிடங்கள். நம் காரைக்காலை அடுத்த நாகப்பட்டினத்தில் நின்றிருந்த பழைய பௌத்தக் கோபுரம் 1867 ஆம் ஆண்டில்தான் இடிக்கப்பட்டது. நம் அரிக்கமேட்டை அடுத்த பகுதியில் அமர்ந்த கோலத்தில் இருந்த புத்தர் திருவுருவத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்தார். இத்தகைய பௌத்தத் தமிழகத்தின் வழித்தோன்றல்களே நாம் என்றும், சாதியை மறுத்த காரணத்தாலேயே தாழ்த்தப்பட்டோம் என்றும் பண்டிதர் முடிவுகட்டினார். தாழ்ந்தவர் வேறு, தாழ்த்தப்பட்டவர் வேறு என்னும் தெளிவு அவருக்கு இவ்வாறு பிறந்தது.

அந்நாளில் பிரம்மஞான சபையின் தலைவராக அடையாற்றில் இருந்தவர் கர்னல் ஆல்காட். அவர் அமெரிக்க நாட்டினர், பௌத்தத்தைத் தழுவியவர். நம் பிள்ளைகளுக்கென 1894 ஆம் ஆண்டில் இலவசப் பள்ளியைத் தொடங்கியவரும் அவரே. பண்டிதரும், பள்ளி ஆசிரியரான கிருஷ்ணசாமியாரும் அவரை அணுகித் தங்கள் கருத்தை வெளியிட்டனர். 1898 ஆம் ஆண்டில் ஆல்காட் அவர்களைக் கொழும்பு நகருக்கு அழைத்துச் சென்றார். அங்கே சுமங்கல மகாதேரர் முன்னிலையில் இருவரும் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தராயினர். திரும்பியதும் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைப் பண்டிதர் நிறுவினார். நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களுடன் பௌத்தம் தழுவிய 1956 ஆம் ஆண்டிற்கு 58 ஆண்டுகள் முன்னதாகவே இது நிகழ்ந்தது.

விழிப்பு என்பதன் பொருள்

புத்தர் என்பது இயற்பெயரன்று. விழித்தெழுந்தவர் என்று பொருள்படும் சிறப்புப் பெயர். கயையில் அரசமரத்தடியில் சித்தார்த்தர் பெற்றதை மந்திரமென்றோ வானிலிருந்து இறங்கிய வரமென்றோ பௌத்தம் கூறுவதில்லை. உலகில் துன்பம் உண்டு; அதற்குக் காரணம் உண்டு; காரணத்தை நீக்கினால் துன்பம் நீங்கும்; நீக்குவதற்கு ஒரு நெறி உண்டு. இந்நான்கையும் தம் சொந்த முயற்சியால் கண்டறிந்ததே அவர் பெற்ற விழிப்பு. ஒரு மருத்துவர் நோயையும், நோயின் முதலையும், அது தணியும் வழியையும் ஆராய்வது போன்றது இது. சித்த மருத்துவரான பண்டிதரின் உள்ளத்தில் இந்நெறி ஆழப் பதிந்ததில் வியப்பில்லையன்றோ!

விழிப்பிற்குப்பின் புத்தர் மரத்தடியிலேயே அமர்ந்துவிடவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. நாற்பத்தைந்து ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து, அரசர்க்கும் தோட்டிக்கும் ஒரே அறத்தை உரைத்தார். மணிமேகலையும் அவ்வாறே ஞானத்தை நாடியவள் கையில் அமுதசுரபியை ஏந்திப் பசித்தோர்க்குச் சோறிட்டதைக் கூறுகிறது. அவள் வேண்டியவாறு சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறியதையும் கூறுகிறது.

தமிழன் இதழ்

1907 ஆம் ஆண்டு ஜூன் 19 ஆம் நாள், புதன்கிழமை, ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைப் பண்டிதர் தொடங்கினார். நான்கே பக்கம், விலை ஒரு பைசா. கூலிவேலை செய்பவரும் வாங்கத்தக்க விலை அது. ஓராண்டிற்குப் பின் அதன் பெயர் தமிழன் என்று சுருங்கியது. தொடங்கிய நாள் முதல் பண்டிதர் மறைந்த 1914 ஆம் ஆண்டுவரை அது இடைவிடாது வெளிவந்தது.

ஞானத்தைப் பற்றிப் பண்டிதர் கொண்டிருந்த கருத்தை இவ்விதழின் பக்கங்களில் தெளிவாகக் காணலாம். பிராமணன் என்னும் சொல் பிறப்பைக் குறிப்பதன்று; ஆசையை அடக்கி அறிவு முதிர்ந்து சாந்தம் நிறைந்தவரையே அது முதலில் குறித்தது என்று அவர் விளக்கினார். உண்மையில் அந்நிலையை எய்தியவர் வேறு, வேடம் புனைந்தவர் வேறு என்று பிரித்துக் காட்டினார். இதன் உட்பொருள் யாது? ஞானம் எவருடைய குலச் சொத்தும் அன்று. முயன்றவர் எவரும் அடையத்தக்க நிலை அது என்பதே.

பண்டிகைகளுக்கும் அவர் புதிய பொருள் கண்டார். தீபாவளி அசுரனைக் கொன்ற நாளன்று. எள்ளின் நெய்யைக் கண்டறிந்து, சோதித்து, மக்கள் முழுகிப் பயனடைந்ததன் நினைவு என்றார். கார்த்திகை தீபம் ஆமணக்கு நெய்யைக் கண்டு மலையுச்சியில் விளக்கேற்றிப் பார்த்ததன் நினைவு என்றார். பௌத்த துறவிகளே இவற்றைக் கண்டறிந்தனர் என்பது அவர் கூற்று. இவ்விளக்கங்களை வரலாற்றாசிரியர் எல்லாரும் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் அவற்றின் போக்கைப் பாருங்கள். ஒருவனைக் கொன்றதைக் கொண்டாடும் திருநாளை, ஊருக்குப் பயன்படும் பொருளைக் கண்டறிந்த திருநாளாக அவர் மாற்றினார். எண்ணெயும் திரியும் மருந்தும் நெசவும் பயிரும் அறியும் அறிவு மெய்யறிவிற்குப் புறம்பானதன்று, அதன் ஒரு பகுதியே என்று அவர் கருதினார்.

திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் பொருளறியாது ஒப்பித்துவந்த ஔவையாரின் நீதிநூல்களுக்கும் அவர் உரை எழுதி, அவை புத்தர் அறத்தையே புகட்டுகின்றன என்றார். திருக்குறளுக்கும் உரை எழுதத் தொடங்கினார். அது முற்றுப்பெறுமுன் மறைந்தார். 1912 ஆம் ஆண்டில் புத்தரது ஆதிவேதம் என்னும் பெருநூலை வெளியிட்டார். இந்திரர் தேச சரித்திரம் இந்நாட்டு வரலாற்றைச் சேரியிலிருந்து நோக்கி எழுதப்பட்ட நூல்.

இவற்றையெல்லாம் படித்தவர் யார்? கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் உழைத்த நம் சுரங்கத் தொழிலாளர் படித்தனர். பெங்களூரிலும், இரங்கூனிலும், தென்னாப்பிரிக்காவின் தர்பனிலும் குடியேறியிருந்த நம் மக்கள் படித்தனர். அவ்விடங்களிலெல்லாம் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் எழுந்தன. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, தெரியாதவர் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் அந்நாளில் எங்கும் இருந்தது. ஞானம் குகையில் அல்லாமல் கூட்டத்தின் நடுவே பிறக்கக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

விளக்கின் அடியில் இருள்

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் குறைகளை மறைத்து நிறைகளையே அடுக்குவது வழக்கம். பொய்யைத் தோலுரித்துக் காட்டிய ஒருவரின் வரலாற்றை அவ்வாறு எழுதுவது அவருக்கே பொருந்தாது. அவர் தந்த சொற்பிறப்பு விளக்கங்களுட் பலவற்றை இன்றைய மொழிநூலார் ஏற்பதில்லை. அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. நம்மைப் போன்றே, சிலவிடங்களில் நம்மினும் கீழாக, ஒடுக்கப்பட்ட வேறு சில ஏழைக் குடியினரைப் பற்றி அவர் எழுதிய சில பகுதிகள் இன்று படிப்போரை வருந்தச் செய்வன. தம் மக்கள் இயல்பாகத் தாழ்ந்தவரல்லர் என்று நிறுவ முற்பட்டவர், வேறு சிலரை அவ்வாறு தாழ்ந்தவராகவே விட்டுவிட்டார். விளக்கின் அடியிலும் சிறிது இருள் இருக்கத்தான் செய்கிறது.

இதனை நான் சுட்டுவது அவரைக் குறைத்துக் கூறுவதற்கன்று. நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. நமக்கு மேலே இருப்பவனை நோக்கி நீதி கேட்பது எளிது. நமக்குக் கீழே வைக்கப்பட்டவனுக்கு நாமே நீதி செய்வது அரிது. விழிப்பு ஒருநாளில் வந்து முடிந்துவிடுவதன்று. இன்று காணாததை நாளை காணவேண்டும். ஒரு தலைமுறை காணத் தவறியதை அடுத்த தலைமுறை காணவேண்டும்.

மறைவும் அதன் பின்னும்

1914 ஆம் ஆண்டு மே திங்கள் 5 ஆம் நாள், 69 வயது நிறைவதற்குப் பதினைந்து நாள் இருக்கையில், பண்டிதர் மறைந்தார். அவருடைய மைந்தர் பட்டாபிராமன் இதழைச் சிறிதுகாலம் நடத்தினார். பின்னர் கோலார் தங்கவயலில் அப்பாதுரையார் அதனை மீண்டும் எழுப்பி 1930களிலும் நடத்திவந்தார். பண்டிதரோடு பௌத்தப் பணியில் இணைந்திருந்த பேராசிரியர் இலட்சுமி நரசு ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூலொன்று 1948 ஆம் ஆண்டில் மறுபதிப்பாக வந்தபோது, அண்ணல் அம்பேத்கர் அதற்கு முன்னுரை வழங்கினார். இராயப்பேட்டையில் ஏற்றிய விளக்கிற்கும் நாகபுரியில் எழுந்த பேரொளிக்கும் இடையே இவ்வாறு ஒரு தொடர்பு உண்டு.

ஆயினும் பண்டிதரின் பெயர் பல ஆண்டுகள் பாடநூல்களில் இடம்பெறாமல் மறைந்து கிடந்தது. 1999 ஆம் ஆண்டில் அவருடைய எழுத்துகள் தொகுக்கப்பெற்று வெளிவரத் தொடங்கிய பின்னரே தமிழுலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 2005 ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2023 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு கிண்டியில் மணிமண்டபம் திறந்தது. ஏறத்தாழ நூறாண்டு கழித்துக் கிடைத்த மதிப்பு இது.

நம் கடமை

இளைஞர்களே! புதுவையில் 1881 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பழைய சாதி வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கவும், புதிய குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ளவும் அது வழிசெய்தது. நம் முன்னோருள் பலர் அவ்வாணையைப் பற்றிக்கொண்டனர். அவர்கள் செய்தது துணிவான செயல். ஆயினும் பதிவேட்டில் பெயர் மாறியது; தெருவில் பார்வை மாறவில்லை. சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே நுழைந்து நிமிர்ந்து நிற்க அறிவு வேண்டும். காத்தவராயன் என்னும் சிறுவன் அயோத்திதாசராக மாறியது பதிவேட்டினால் அன்று, படிப்பினால்.

உங்களிற் பலர் இன்று பட்டம் பெறுகின்றீர்கள். பட்டம் வேலைக்கு வழி. வேலை வீட்டிற்கு ஒளி. அது வேண்டுவதே, அதனை இகழ்வோரை நம்பாதீர்கள். ஆனால் அத்துடன் படிப்பு முடிந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். செவியிற் கேட்டதை ஆராயாமல் ஏற்காதிருத்தல், ஆராய்ந்து தெளிந்தபடி ஒழுகுதல், தெளிந்ததைத் தெருவிலுள்ள கடைசிப் பிள்ளைக்கும் கொண்டு சேர்த்தல் ஆகிய இவை மூன்றும் கூடிய இடத்திலேதான் பண்டிதர் ஞானம் என்னும் சொல்லைப் பயன்படுத்த இசைவார். கண்ணை மூடி உள்ளே நோக்குவது நன்று. கண்ணைத் திறந்து அண்டை வீட்டை நோக்குவது அதனினும் நன்று.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக மாலை வேளைகளில் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொல்லி வருகிறது. அங்கே ஒரு சிறுமி எழுத்துக் கூட்டி ஒரு சொல்லைத் தானே படித்து, பொருள் விளங்கி, நிமிர்ந்து பார்க்கிறாளே, அந்த நொடியில் அவள் முகத்தில் தோன்றும் ஒளியைக் கண்டவர்கள் ஞானோதயம் என்றால் என்ன என்று வேறெங்கும் சென்று கேட்கவேண்டியதில்லை. அவ்வொளியை அணையாது காப்பதே அயோத்திதாசப் பண்டிதருக்கு நாம் எடுக்கும் விழாவாகும்.